அண்டை வீட்டாரின் பொறுப்பு: கேரளத்தில் இறுதிக்காலப் பராமரிப்பு

குணமாக்க இயலாத நோயாளியின் வலியையும் பிற துன்பங்களையும் குறைப்பதையே நோக்கமாகக் கொண்ட நோய்தணிப்புச் சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் நிறுவிய செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலிருந்தே தொடங்குவர். செவிலியாகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவம் பயின்ற சாண்டர்ஸ், உடல், மனம், உறவு, நம்பிக்கை ஆகிய அனைத்தும் கலந்ததே சாவை எதிர்நோக்குபவரின் வலி எனக் கண்டு அதனை 'முழுவலி' என்றழைத்தார். நோயாளியோடு அவருடைய குடும்பமும் கவனிப்புக்குரியது என்பது அவ்வில்லத்தின் கொள்கையாயிற்று. ஆயினும் கட்டில்களும் பயிற்சி பெற்ற ஊழியர்களும் பெருநிதியும் இன்றி அத்தகைய இல்லம் இயங்காது. 1986இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தொடங்கப்பட்டபோது இந்தியாவுக்கு முதலில் வந்து சேர்ந்ததும் இந்த இல்ல வடிவமே.

கேரளம் வேறு வழியில் சென்றது. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் மருத்துவர்களான எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து 1993இல் வலி மற்றும் நோய்தணிப்புச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, அவர்களுக்கு முதலில் குறுக்கே நின்றது மருந்துத் தட்டுப்பாடு. கடும் புற்றுநோய் வலிக்கு உகந்த மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கப்படுவதால், 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. அதை வாங்கவும் வைத்திருக்கவும் கொண்டு செல்லவும் வெவ்வேறு உரிமங்கள் தேவைப்பட்டதோடு, தவறினால் கடுஞ்சிறை என்ற அச்சமும் சேர்ந்துகொள்ள, மருந்தகங்கள் அதை இருப்பு வைப்பதையே கைவிட்டன. உலக மருந்துத் தொழிலுக்குச் சட்டப்படி அபின் விளைவித்து ஏற்றுமதி செய்த ஒரு நாட்டில், 1997ஆம் ஆண்டு முழுவதற்கும் மருத்துவப் பயன்பாட்டுக்குச் சென்ற மார்ஃபின் ஏறத்தாழ 18 கிலோ மட்டுமே என்பதை நிர்வாகக் கோளாறு என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. உரிம விதிகளைத் தளர்த்திய முதல் மாநிலங்களுள் கேரளம் ஒன்று. நாடு முழுமைக்குமான சட்டத் திருத்தம் 2014இல்தான் வந்தது.

மருந்து கிடைத்த பிறகே மற்றோர் உண்மை தெளிவாயிற்று: மருத்துவர் வாரத்தில் சில நிமிடம் காணும் நோயாளியை எஞ்சிய நேரமெல்லாம் பார்த்துக்கொள்பவர் வீட்டிலிருக்கும் மனைவியோ மகளோதான். ஆகவே அவருக்குக் கற்றுக்கொடுப்பதே சிகிச்சையின் பெரும்பகுதியாயிற்று. பழைய பருத்தித் துணியைத் துண்டுகளாக வெட்டிப் பிரஷர் குக்கரில் ஆவியேற்றிப் புண்ணுக்குக் கட்டும் முறை, நாற்றமெடுக்கும் புற்றுப்புண்ணின் மீது மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவும் முறை, படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறை ஆகியவை சமையலறையும் திண்ணையுமே வகுப்பறையாகக் கற்பிக்கப்பட்டன. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை தரவேண்டிய மார்ஃபின் மாத்திரையை இரவு படுக்கும்போது இரட்டிப்பாகத் தந்து நள்ளிரவு வேளையை விட்டுவிடும் ஏற்பாடு நோயாளியின் உறக்கத்துக்கு உதவுவதோடு, பல மாதங்களாகச் சரியாகத் தூங்காத பராமரிப்பாளரும் கண்ணயர இடம் கொடுக்கிறது. கணவனைப் பேணும் பெண்ணின் களைப்பையும் மருந்துச் சீட்டில் கணக்கிலெடுக்கும் மருத்துவம் அரிது.

இருப்பினும் சங்கத்தின் கோழிக்கோட்டு மையத்துக்கு வர இயலாதோர் பலர். பேருந்துச் செலவுக்கே வழியில்லாத வீட்டில் சோறும் பிள்ளைகளின் படிப்பும் மருந்துக்கு முந்திய கவலைகளாயிருந்தன. இதற்கு விடையாக, மலப்புறம் மாவட்டத்தை முதன்மைக் களமாகக் கொண்டு, 2000ஆம் ஆண்டையொட்டி 'அண்டை வீட்டார் வலைப்பின்னல்' உருவாயிற்று. வாரத்தில் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய உள்ளூர்வாசிகள், 16 மணி நேர வகுப்பும் 4 நாள் களப்பயிற்சியும் பெற்றுத் தத்தம் ஊர் நோயாளிகளைக் கண்டறிந்து, செவிலியரோடு வீடு தேடிச் சென்றனர். உள்ளூர்ச் சிறு நன்கொடைகளே இந்த வலைப்பின்னலின் பெருமளவு வருவாய். மருத்துவம் அறியாதவர்கள் நோயாளி வீட்டில் நுழைவதை ஐயத்தோடு பார்த்த மருத்துவர்கள் இருந்தனர். ஆனால் அரிசி இல்லை என்பதையோ, தூக்கமின்றித் தவிக்கும் மகள் யாரிடமும் அழக்கூட முடியாமல் இருக்கிறாள் என்பதையோ ஊசி போட வந்தவரைவிட அடுத்த தெருக்காரரே எளிதில் அறிய முடிந்தது. இறப்புக்குப் பின்னும் அவ்வீட்டுக்குச் சென்றுவரும் வழக்கமும் இந்த நெருக்கத்திலிருந்து வளர்ந்ததே.

2008இல் கேரள அரசு நோய்தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து ஊராட்சிகள் செவிலியரை நியமித்து வீட்டுப் பராமரிப்பை நடத்தத் தொடங்கின. இதனால் பரப்பு விரிந்தது, ஆனால் தன்னார்வலர் தொடங்கிய பணி அரசுப் பதிவேட்டுக்குள் வந்தபோது முடிவெடுக்கும் உரிமை யாரிடம் என்ற கேள்வியும் கூடவே வந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் வீட்டிலேயே நோய்தணிப்புப் பராமரிப்பை வழங்குகிறது. மலப்புறத்தில் அக்கம்பக்கத்தார் திரண்டு கட்டியெழுப்பியதைத் தமிழ்நாட்டில் அரசே வகுத்து, தன் செவிலியரைக் கொண்டு நடத்துகிறது.