அப்புத்தளையிலிருந்து ஒரு கித்தார்

இலங்கையின் ஊவா மலைகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் கோப்பி அழிந்ததையும், தேயிலை தழைத்ததையும், லிப்டன் துரை தம்பேதன்னையில் 1890இல் தொழிற்சாலை எழுப்பியதையும், 1924இல் பதுளைக்கு ரயில் வந்து சேர்ந்ததையும் விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார்களே அன்றி, அங்கே பிறந்த சங்கீதத்தைப் பற்றி அதிகம் பேசினார்களில்லை. சிங்களப் பாட்டில் மின்சாரக் கித்தாரை வேரூன்றச் செய்து ஒரு தலைமுறையின் செவியையே மாற்றிவிட்ட கிளாரன்ஸ் விஜேவர்தன, 1943 ஆகஸ்ட் 3ஆம் திகதி இந்த மலைகளிலுள்ள அப்புத்தளையில்தான் பிறந்தார்.

ஆனால் அக்காலத்தில் அங்கே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ் ஜனங்களின் வாத்தியம், தோல் வாத்தியமான தப்பு. சருகைக் கொளுத்தி, அந்த அனலில் தோலைக் காட்டிக் காட்டி முறுக்கேற்றி, விரலால் தட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகே அதைத் தோளில் மாட்டுவார்கள். பனி இறங்கித் தோல் தொய்ந்தால் மறுபடியும் நெருப்பைத் தேடி ஓட வேண்டும். மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதன் எரிந்து ரதி புலம்பும் இரவு முழுவதும் அது ஓயாது. பல தோட்டங்களில் விடியலில் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு அழைத்ததும் தப்புத்தான் என்பதால், சாமிக்கும் துரைக்கும் ஒருசேர ஊழியம் செய்த வாத்தியம் அது.

கிளாரன்ஸ் 1966இல் அனஸ்லி மாலேவனவோடு 'மூன்ஸ்டோன்ஸ்' குழுவை அமைத்தபோது உலகெங்கும் பீட்டில்ஸ் மோகம். மேனாட்டு வாத்தியத்தை எடுத்துக்கொண்ட அவர், அதன் பாஷையை எடுத்துக்கொள்ளாமல், வீட்டுத் திண்ணையில் பேசும் சிங்களத்திலே தாமே எழுதி, தாமே மெட்டமைத்தார். அவருடைய பிரதான சாதனை இதுவே என்பது என் அபிப்பிராயம். விஜய கொரயா போன்ற ஒலிபரப்பாளர்களின் ஆதரவோடு 'மாங்கோ நந்தா' என்ற பாட்டு வானொலி வழியே தீவெங்கும் பரவிற்று. பின்னர் கோல்டன் சைம்ஸ், சூப்பர் கோல்டன் சைம்ஸ் என்று குழுக்கள் மாறின. 1975இல் 'சிகுருலியா' படத்துக்கு இசையமைத்தார். 1996 டிசம்பர் 13இல் மறைந்தார்.

தமிழிலும் யாழ்ப்பாணத்து நித்தி கனகரத்தினம் கித்தாரோடு பொப்பிசை பாடிப் பிரசித்தி பெற்றார். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த பிள்ளைகளுக்கோ அந்தப் பாக்கியம் எளிதில் கிட்டுவதாக இல்லை. கித்தார் வாங்கக் காசு வேண்டும், அதை முழங்க வைக்க மின்சாரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னே நிலைத்திருக்க ஓர் ஊர் வேண்டுமல்லவா? 1948ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய வம்சாவளியினரான இந்தத் தோட்டத்து ஜனங்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப நிச்சயித்தது. மூன்ஸ்டோன்ஸ் பாட்டுகள் வானொலியில் முழங்கிய காலத்திலேயே, இந்த மலைகளிலிருந்து, இந்தியாவுக்குக் கப்பலேறும் துறையான தலைமன்னாருக்குக் குடும்பங்களை ஏற்றிச் செல்லும் ரயில் ஓடலாயிற்று. போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிக்கொண்டு அழுத அழுகையால் ஜனங்கள் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயரிட்டார்கள்.

அந்த ஜனங்களின் பாட்டுகள் இசைத்தட்டில் ஏறாவிட்டாலும் அடியோடு அழிந்துவிடவில்லை. மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றத்துக்குச் சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தேடித் தேடிச் சேகரித்தார். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற அத்தொகுப்பு 1987இல் வெளிவந்தது. அவர் காலமாகி அப்போது மூன்று வருஷங்கள் ஆகியிருந்தன.