பாரூத்: ஒரு சொல்லும் அதன் வரலாறும்

வெடிமருந்தைக் குறிக்கும் அரபுச் சொல் யாது எனக் குறுக்கெழுத்துப் போட்டியொன்று வினவுமாயின், ‘பாரூத்’ எனத் தயங்காது நாம் கட்டங்களை நிரப்பிவிடலாம். இன்றைய அகராதிகளும் அதனையே கூறுகின்றன. ஆயின், பழைய நூலொன்றை விரித்து, அங்கும் அதே பொருளை நிரப்ப முற்பட்டால் வரலாறு பிழைபட்டுவிடும்.

மாலகாவில் பிறந்து, ஹிஜ்ரி 646இல் (கி.பி. 1248) திமிஷ்கில் மறைந்த மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார், தமது மருந்தியல் தொகுப்பில் பாரூத்தைக் குறிப்பிடுகிறார். அங்கே அது வெடிக்கும் பொடியன்று, வெடியுப்பு. எகிப்தின் பழைய மருத்துவர்கள் அதனைச் ‘சீனப் பனி’ (தல்ஜுஸ் ஸீன்) என அழைத்தனர் என்றும், மஃரிபு நாட்டு மக்களிடையே அது பாரூத் என வழங்கியது என்றும் அவர் எழுதுகிறார். பாரசீகர் அதற்கு இட்ட பெயர் ‘சீன உப்பு’. வெடியுப்புடன் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவைக்குப் பாரூத் என்னும் பெயர் வந்தது பின்னரே ஆகும். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகிவருதலைப் பலாகா கலையில் ‘மஜாஸ் முர்ஸல்’ என நாம் படிக்கிறோம். தமிழிலக்கணம் அதனை ஆகுபெயர் என்னும்.

‘நஃப்த்’ என்னும் சொல்லின் கதை இன்னும் வியப்புக்குரியது. அப்பாஸியர் காலத்தில் அது பகைவர்மீது எறியப்பட்ட எரிநெய். மம்லூக்கியர் காலத்தில் அதே சொல் வெடிமருந்தையும், அதனால் இயங்கிய படைக்கலங்களையும் குறித்தது. இன்றோ அது பெட்ரோலியம். ஒரே சொல் மூன்று காலங்களில் மூன்று பொருள்களைச் சுமந்துள்ளது.

இதனால் விளையும் இடர்ப்பாட்டுக்கு இப்னு கல்தூனே சான்று. மரீனியரின் சுல்தான் அபூ யூசுஃப் யஃகூப் கி.பி. 1274இல் சிஜில்மாஸாவை முற்றுகையிட்டபோது, பாரூத்தால் இயங்கும் நஃப்த் பொறியைப் பயன்படுத்தினார் என அவர் எழுதினார். உலகின் முதற்பீரங்கி முஸ்லிம்களுடையதே என்பதற்கு இக்கூற்றைச் சிலர் ஆதாரமாக்குவர். ஆனால் இப்னு கல்தூன் பிறந்ததே 1332இல்தான். ஒரு நூற்றாண்டு கழித்து எழுதியவர், தம் காலத்துச் சொல்லை முற்காலத்து நிகழ்ச்சிக்குச் சூட்டியிருக்கக் கூடும் என ஆய்வாளர் ஐயுறுகின்றனர். அவ்வையத்தை நாம் புறந்தள்ள இயலாது.

அவ்வாறாயின் நம் முன்னோருக்குப் பங்கே இல்லையா? உண்டு, அது உறுதியான பங்கு. வெடிமருந்துக் கலவைகளுக்கான செய்முறை, கி.பி. 1044இல் தொகுக்கப்பட்ட சீனப் போர்நூலிலேயே உள்ளது. ஆனால் மாசுபட்ட வெடியுப்பு நன்கு எரியாது. அதனை நீரில் கரைத்துக் காய்ச்சி, மரச்சாம்பலால் தூய்மையாக்கும் முறையைத் தெளிவாக எழுதிவைத்தவர், ஹிஜ்ரி 694இல் (கி.பி. 1295) மறைந்த ஷாம் நாட்டு ஹஸன் அர்ரம்மாஹ். தம் நூலில் ‘சீன அம்பு’ போன்ற பெயர்களை மறைக்காமல் எழுதி, கொண்ட இடத்தைக் காட்டிய நேர்மையும் அவருடையது.

இக்கலவையைச் சீனர் ‘தீ மருந்து’ என்றனர். மம்லூக்கியர் கால அரபு நூல்களிலும் ‘தவா’, அதாவது மருந்து, என்னும் சொல் இதற்கு வழங்கியது. மலாய் மக்களும் மருந்து என்னும் பொருள்படும் ‘உபாத்’ என்பதையே கையாண்டனர். தமிழராகிய நாமும் வெடி‘மருந்து’ என்கிறோம். ஆயுளை நீட்டிக்கும் அமுதம் தேடிய சீன இரசவாதிகளின் உலையில் பிறந்த பொருள், உயிரைப் பறிக்கும் கருவியான பின்னும், தன் பழைய பெயரைக் கைவிடவில்லை.

பிறருடைய கண்டுபிடிப்பை நமதென உரிமை கொண்டாடுவது பெருமையன்று. கல்வி என்னும் அமானிதத்துக்கு இழைக்கும் தீங்கு. நம்முடையதை நம்முடையதென்றும், பெற்றதைப் பெற்றதென்றும் கூறுவோம். பழைய ஏட்டில் பாரூத் என்னும் சொல்லைக் காணும் மாணவர், அகராதியைப் புரட்டுமுன் அந்நூல் எழுதப்பட்ட ஆண்டைப் பார்ப்பாராக.