வளவு வீடும் சீர் சாமானும்

இன்றைய சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவியுள்ள செட்டிநாட்டில், நகரத்தார் எனப்படும் வணிகச் செட்டியார்களின் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பது வழக்கு. இப்போது எஞ்சியிருப்பவை 70-க்குச் சற்று மேல். அவ்வூர்களின் பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்கும் 1940-களுக்கும் இடையில் எழுந்தவை. முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீண்டு பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வந்து பார்ப்பவர்கள் தேக்குத் தூண்களையும் பளிங்குத் தரையையும் கண்டு வியப்பார்கள். ஆனால் இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்ற கேள்விக்கு விடை உள்ளே பூட்டிக்கிடக்கும் சாமான்களில்தான் இருக்கிறது.

வளவு என்பது நடுமுற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள் உண்டு. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் அவற்றில் பங்கு ஒதுக்கப்படும். திருமணத்துக்குப் பின் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ நகரத்தார் வழக்கம். கூரை ஒன்றுதான், அடுப்பும் வரவுசெலவும் வேறு. இப்படித் தனியாகும் குடும்பம் ஒரு ‘புள்ளி’. கோயில் வரி முதல் பொங்கல் பானை வரை எல்லாம் புள்ளிக் கணக்கில்தான். குடும்பத்தார் பெரும்பாலும் தாழ்வாரங்களிலும் மேல்மாடிக் கூடங்களிலும் படுத்து எழுந்தார்கள். அறையின் முதன்மை வேலை அந்தப் புள்ளியின் உடைமையைக் காப்பது.

அந்த உடைமையில் பெரும்பகுதி பெண் கொண்டுவந்த சீர். பெண் குழந்தை பிறந்ததுமே தாய் சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவார். அண்டா, குண்டான், தவலை, கூஜா, தூக்கு, குத்துவிளக்கு என்று பித்தளையும் வெண்கலமும். பிறகு எனாமல், அதற்கும் பிறகு எவர்சில்வர். ஒரே பாத்திரம் சிறிதும் பெரிதுமாக அடுக்கடுக்காக வரும். இவற்றோடு ஊறுகாய் ஜாடிகள், மரப்பெட்டகங்கள், ஓலைக் கொட்டான்கள். கல்யாணத்தில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, பட்டியல் எழுதி ஒப்படைப்பார்கள். பாத்திரத்தின் விளிம்பிலோ அடியிலோ உரியவரின் தலைப்பெழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். ஐந்து மருமகள்களின் அண்டாக்கள் ஒரே விருந்தில் அடுப்பேறினாலும், விருந்து முடிந்ததும் அவரவர் அறைக்கே திரும்பியது இந்த எழுத்துகளால்தான். சீர் அந்தப் பெண்ணின் சொத்து. மாமியாரோ கணவனோ எடுத்து ஆளும் பொருள் அல்ல. இதை மறந்து அந்த அறைகளை வெறும் ஆடம்பரக் குவியலாகப் பார்ப்பது பெரும் பிழை.

அலங்காரம் கடல்கடந்து வந்தது. பர்மா, இலங்கை, மலாயா, இந்தோசீனா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், பர்மாவிலிருந்து தேக்கையும் இத்தாலியிலிருந்து பளிங்கையும் பெல்ஜியத்திலிருந்து கண்ணாடியையும் ஜப்பானிலிருந்து பூவேலைச் சுவரோடுகளையும் தருவித்தார்கள். 1894-இல் பம்பாயில் தொடங்கிய ரவிவர்மா அச்சகத்தின் தெய்வப் படங்கள் சரிகையும் மணியும் ஒட்டப்பட்டுச் சட்டமேறின. முன்னோர் படங்களைச் சுவரின் உச்சியில், கீழே நிற்பவரைப் பார்ப்பதுபோல் முன்சாய்த்து மாட்டினார்கள்.

வீட்டின் அழகுக்கு உள்ளூர்க் கைகளும் அதே அளவு காரணம். சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசி, மேல்பூச்சில் முட்டை வெண்கருவும் கலந்து கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர்கள், வெள்ளையடிக்காமலே பல பத்தாண்டுகள் பளபளக்கின்றன. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மணலும் சிமெண்டும் இட்டு நிரப்பித் தரையோடு வார்ப்பார்கள். இதற்குச் சூளை வேண்டாம். தண்ணீரில் ஊறி, காய்ந்தே கல் இறுகும். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லின் முகத்துக்கு வந்துவிடும். நடக்க நடக்க மெருகு கூடும். துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

இத்தனை பொருளையும் ஒழுங்கில் வைத்தது ஆண்டுச் சுழற்சி. பொங்கல், பிள்ளையார் நோன்பு, முன்னோருக்கான படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் பங்காளிகள் கூடுவார்கள், அறைகள் திறக்கும். பாத்திரங்கள் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்படும், பட்டியல் சரிபார்க்கப்படும். ஆள் நடமாட்டம் குறையாதவரை சாமான் பெருகியது சுமையாகவில்லை.

வருமானம் முறிந்தபோது இந்த ஒழுங்கும் குலைந்தது. 1930-இல் நெல் விலை வீழ்ந்ததும் பர்மாவில் கடனைத் திருப்பித்தர முடியாத உழவர்களின் நிலம் செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 விழுக்காடாக இருந்த அவர்களது நிலப்பங்கு 1938-க்குள் 25 விழுக்காடானது. கடன் கொடுத்தவர் கையில் பணம் இல்லை. கடன்பட்டவரிடம் கோபம் மட்டுமே மிஞ்சியது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு செட்டியார்களை அங்கிருந்து விரட்டியது. 1948-இல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் வேலைக்கும் தொழிலுக்கும் சென்னை, கோவை, மதுரை என்று போனார்கள். வீட்டில் ஒரு முதிய ஆச்சியும் காவல்காரரும் மட்டும் என்ற நிலை பரவலாயிற்று.

அப்போதுதான் சாமான் அடைசலாக மாறியது. ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்குதாரர். 1989-இல் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் மகள்களுக்கும் மூதாதையர் சொத்தில் சமபங்கு தந்தபின் எண்ணிக்கை மேலும் கூடியது. எல்லோரும் ஒப்பாமல் ஒரு கதவைக் கழற்ற முடியாது, ஒரு கூரை ஓட்டையும் மாற்ற முடியாது. மழைநீர் இறங்கி உத்தரம் இற்றுப்போன வீடுகளில் பங்காளிகள் கடைசியில் எடுத்த முடிவு இடிப்பதுதான். ஒப்பந்தக்காரர் தேக்கு, இரும்பு, கல் என்று பிரித்து எடுத்துப்போவார். பித்தளை எடைக்குப் போகும். நூறாண்டுப் பித்தளை அண்டா உருக்கும் உலைக்குப் போனதைப் போன்ற இழப்பு இந்த வரலாற்றில் வேறில்லை. அதன் விளிம்பிலிருந்த பெயரும் கூடவே போயிற்று.

இடிபாட்டிலிருந்தே ஒரு வணிகமும் பிறந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக எழுந்தன. நிலைக்கதவு, எனாமல் தூக்கு, ரவிவர்மா படம், மரப்பாச்சி, பெட்டகம் என எல்லாம் அங்கே கிடைக்கும். 1972-ஆம் ஆண்டின் இந்தியத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த தொல்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடைவிதிக்கிறது. உள்நாட்டு விற்பனைக்கு அந்தத் தடை இல்லை. இந்த வீடுகளின் தூண்கள் நகரத்து விடுதிகளுக்கும் பண்ணை வீடுகளுக்கும் இடம்பெயர்ந்தன. 1996-இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடே பெயர்த்து நிறுவப்பட்டது.

இருந்த இடத்திலேயே பிழைத்த வீடுகள் சில. கானாடுகாத்தானில் விசாலம், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகியவை விடுதிகளாயின. நன்றாக மீட்கப்பட்ட வீடுகளில் வேலை கூரையிலிருந்து தொடங்கியது; ஒழுக்கு நிற்காமல் உள்ளே எதை ஒழுங்குபடுத்தினாலும் வீண். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் ஒட்டு வைத்தால் ஈரம் உள்ளே தங்கி மெருகு உரியும் என்பதால் பழைய பூச்சுமுறை தெரிந்த கொத்தனார்களைத் தேட வேண்டியிருந்தது. சாமான்களைப் புள்ளிவாரியாகப் பிரித்து, உரியவருக்குக் கொடுத்து, மிஞ்சியதைக் கொண்டே கூடங்களை அலங்கரித்தார்கள்.

2014-இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் விடுதியாகாத பெரும்பாலான வீடுகளில் பராமரிப்புச் செலவு இன்றும் பங்காளிகள் புள்ளிக்கு இவ்வளவு என்று போடும் பணத்தில்தான் நடக்கிறது. படைப்புக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் சாவிக்காரரை வரவழைத்து அறைகளைத் திறந்து, தரையைத் துடைத்து, வேண்டிய பாத்திரங்களை மட்டும் எடுத்துத் துலக்கிவிட்டு மீண்டும் பூட்டுகிறார்கள்.