உடல் நடுக்கம் நின்றால் ஆபத்து நீங்கியதா? ஹைப்போதெர்மியாவை அறிவதும் முதலுதவியும்

ஹைதராபாத்: உடலின் மைய வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவதே 'ஹைப்போதெர்மியா' எனப்படும் உடல் வெப்பக்குறைவு ஆகும். 2016 பிப்ரவரியில் சியாச்சின் பனிச்சரிவில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதையுண்ட துயரத்தின்போது இச்சொல் பலருக்கும் அறிமுகமானது. எனினும், இப்பாதிப்பு ஏற்படப் பனி பொழிய வேண்டியதில்லை.

மௌலா அலியிலும் நேரலாம்: ஹைதராபாத்தில் 1946 ஜனவரி 8 அன்று வெப்பநிலை 6.1 டிகிரி செல்சியஸாகக் குறைந்தது. குன்றும் ரயில் பாதைகளும் சூழ்ந்த மௌலா அலி போன்ற பகுதிகளில், குளிர்கால இரவுகளில் நனைந்த உடையுடன் திறந்தவெளியில் கிடப்போர், மது அருந்தி உறங்குவோர், முதியோர், பச்சிளங்குழந்தைகள், விபத்தில் ரத்தம் இழந்தோர் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம்.

அறிகுறிகள் என்ன?: 35 முதல் 32 டிகிரி வரை கடும் நடுக்கம் இருக்கும், நினைவு தெளிவாக இருக்கும். 32-க்குக் கீழே பேச்சு குழறும், நடை தள்ளாடும், நடுக்கம் படிப்படியாக நின்றுவிடும். 28-க்குக் கீழே நினைவிழப்பு ஏற்படும். நாடித்துடிப்பை உணர்வதே கடினமாகும். எனவே, நடுக்கம் நின்றபின் நினைவு மங்கினால் நிலைமை மோசமடைகிறது என்றே பொருள். குழறலையும் தள்ளாட்டத்தையும் மதுபோதை என்று எண்ணிக் கடந்து செல்வது உயிரைப் பறிக்கலாம். வீடுகளில் உள்ள சாதாரண வெப்பமானிகள் பெரும்பாலும் 35 டிகிரிக்கு வெகு கீழே அளவிடாததால், அறிகுறிகளையே நம்ப வேண்டும்.

செய்ய வேண்டியவை: முதலில் 108-ஐ அழைக்க வேண்டும். காற்று படாத இடத்துக்குப் படுத்த நிலையிலேயே மெதுவாக மாற்றி, ஈர உடைகளை அகற்றித் துடைக்க வேண்டும். தரைக்கும் உடலுக்கும் இடையே போர்வை விரித்து, தலை உட்பட உடல் முழுவதையும் கம்பளியால் மூட வேண்டும். முகத்தை மூடக் கூடாது. துணி சுற்றிய வெந்நீர்ப் பையை அக்குள், மார்புப் பகுதிகளில் வைக்கலாம். தெளிவான நினைவும் விழுங்கும் திறனும் உள்ளவருக்கு மட்டும் இனிப்பான சூடான பானம் தரலாம்.

செய்யக் கூடாதவை: கை, கால்களைத் தேய்ப்பதோ, வெந்நீரில் இறக்குவதோ, மது கொடுப்பதோ, நடக்க வைப்பதோ கூடாது. குளிர்ந்த இதயம் சிறு அதிர்விலும் சீர்கெட்டுத் துடிக்கக்கூடும் என்பதால், முரட்டுத்தனமாகத் தூக்குவதும் ஆபத்தே.

ஆம்புலன்ஸில்: 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கிய 108 சேவை இன்று பல மாநிலங்களில் இயங்குகிறது. இத்தகைய அவசர ஊர்திகளில் உட்புறத்தைச் சூடாக வைத்திருப்பதும், நரம்பு வழியே செலுத்தும் திரவங்களை வெதுவெதுப்பாக்குவதும் சிகிச்சையின் பகுதியாகும். நாடித்துடிப்பும் சுவாசமும் மிக மெதுவாக இருக்கும் என்பதால், மருத்துவ உதவியாளர்கள் ஒரு நிமிடம் வரை அவற்றைச் சோதிக்க வேண்டும். இதயம் நின்றிருந்தால் மார்பை அழுத்தும் சிபிஆர் சிகிச்சையைத் தொடர்ந்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

1999-ல் நார்வேயில் உறைநீரில் சிக்கிய மருத்துவர் அன்னா போகன்ஹோமின் உடல் வெப்பநிலை 13.7 டிகிரிக்கு இறங்கி இதயம் நின்றிருந்தது. இடைவிடாத சிபிஆர், பின்னர் மருத்துவமனையில் ரத்தத்தைச் சூடேற்றிய சிகிச்சை ஆகியவற்றால் அவர் உயிர் பிழைத்தார். உடல் சில்லிட்டிருப்பதை மட்டும் கொண்டு ஒருவரை இறந்தவர் என்று முடிவு செய்யலாகாது என்பதே அவசர மருத்துவத்தின் அறிவுரை.