காப்பி மிஷினைச் சுற்றியவர்கள்

காப்பியைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரை, இந்தப் பானம் தமிழ் நடுத்தர வர்க்கத்தின் காலைப் பொழுதுக்குள் நுழைந்த கதையையும் அதைச் சுற்றி எழுந்த பதற்றங்களையும் விரிவாகச் சொன்னது. கும்பகோணம் டிகிரி காப்பி, பித்தளை டவரா, நுரை பொங்க ஆற்றும் கை என்று பத்திரிகைகள் அவ்வப்போது உருகுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒரு பொருள் மட்டும் பரணிலேயே கிடக்கிறது: வீட்டில் காப்பிக்கொட்டை அரைத்த கை மிஷின்.

இது இரண்டு வகை. ஒன்று, மரப்பெட்டியின் தலையில் கிண்ணமும் கைப்பிடியும், அடியில் தூள் விழும் சிறு இழுப்பறையும் கொண்டது. இன்னொன்று முழுக்க வார்ப்பிரும்பு. பெஞ்சு விளிம்பிலோ பலகையிலோ திருகி முடுக்க வேண்டியது. பெட்டி வகைக்கு வயது அதிகம். பிரான்சின் பியூஜோ குடும்பம் கார் செய்வதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1840இல், காப்பி மில் செய்து விற்றது. வார்ப்பிரும்பு வகையில் லண்டன் ஸ்பாங் கம்பெனியின் பெயர் பிரபலம். உள்ளே இருக்கும் தத்துவம் நமக்குப் புதியதல்ல. திருகையின் இரண்டு கல்லுக்கு நடுவே உளுந்து உடைவதைப் போல, பல் வெட்டிய இரும்புக் கூம்புக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்துக்கும் நடுவே கொட்டை நொறுங்கி இறங்கும். திருகை இறுக்கினால் நைஸ், தளர்த்தினால் கொரகொரப்பு.

மலிவான சாமான்தான். ஒரு முறை வாங்கினால் இரண்டு தலைமுறைக்கு வரும், மின்சாரம் கேட்காது, பழுதானால் உள்ளூர்க் கொல்லரே சரிசெய்துவிடுவார். உரலில் போட்டு இடித்தவர்களுக்கு இது வரமாகவே இருந்திருக்கும். இடித்த தூளில் பாதி மாவாகவும் பாதி நொய்யாகவும் இருக்கும். மிஷினில் ஏறக்குறைய ஒரே சீராக விழும். ஒரே சீராக இருந்தால்தான் ஃபில்டரில் தண்ணீர் நிதானமாக இறங்கி டிகாக்‌ஷன் திக்காக வரும். அதிக மாவு சேர்ந்தால் துளை அடைத்துக்கொள்ளும், நொய் சேர்ந்தால் தண்ணீராக ஓடிவிடும். அரைத்த தூளின் வாசனை நாளுக்கு நாள் போய்விடும். வறுத்த கொட்டையாக வைத்திருந்தால் பல மடங்கு தாங்கும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு அரைப்பதே சிறப்பு. காப்பி பிரியர்கள் இன்றும் சொல்லும் இந்த நியாயத்தில் பிழையில்லை. ஆனால் அன்றன்றைக்கு என்ற சொல்லுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறாள்.

எங்கள் வீட்டில் அந்த ஆள் என் அத்தைப்பாட்டி. சாரதா சட்டம் 1929இல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கல்யாணமாகி, பன்னிரண்டு வயதில் கணவனை இழந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பியவர். எனக்கு நினைவு தெரிந்த எழுபதுகளில் அவருக்கு அறுபது வயது இருக்கும். அடுக்களை மூலையில் காலை மடக்கி உட்கார்ந்து, மரப்பெட்டியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு சுற்றுவார். பெட்டி நகராமல் இருக்கத் தொடையை இறுக்க வேண்டும். வலது கை சுற்றும், இடது கை மேலே அழுத்திப் பிடிக்கும். பீபரி உருண்டையாக இருப்பதால் வாணலியில் உருண்டு உருண்டு சமமாக வறுபடும் என்பார். பிளாண்டேஷன் கொட்டையை விட்டுவிட்டு வறுத்தால் ஒரு பக்கம் கருகும். வறுக்கும்போது கிளம்பும் புகையில் கண் எரியும். மழைக்காலத்தில் மிஷின் பற்களில் துரு ஏறாமல் இருக்க அடிக்கடி கழற்றித் துடைப்பார். பழைய தூளின் எண்ணெய்ப் பிசுக்கு போக ஒரு கை அரிசியைப் போட்டுச் சுற்றுவார். இத்தனையும் தெரிந்த ஒருவரைப் பற்றி வீட்டில் சொல்லப்பட்டது, சும்மா இருக்கும் நேரத்தில் காப்பிக்கொட்டை அரைப்பார் என்பதுதான்.

அந்தச் ‘சும்மா’வை அளந்து பார்க்கலாம் என்று பழைய சாமான் கடையில் ஒரு மிஷின் வாங்கி நானே சுற்றிப் பார்த்தேன். ஐம்பது கிராம் கொட்டைக்கு ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடவே ஆயிற்று. பத்துப் பெரியவர்கள், ஆளுக்கு இரண்டு வேளைக் காப்பி என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 150 கிராம் தூள் வேண்டும். அரைக்க மட்டும் கால் மணி நேரம். ஆண்டுக்கு 90 மணி நேரத்துக்கு மேல். முப்பது ஆண்டில் 2,700 மணி நேரத்தைத் தாண்டுகிறது. வறுப்பது, ஆற வைப்பது, துடைப்பது இதில் சேரவில்லை. மிஷினின் விலையைப் பேசியவர்கள் யாரும் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. கூலி கொடுக்க வேண்டாத கை வீட்டிலேயே இருந்ததால்தான் அது மலிவான மிஷினாக இருந்தது.

அரைத்தவர் குடித்தது என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் டிகாக்‌ஷன் ஆண்களுக்கும் விருந்தாளிகளுக்கும். அதே தூளின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாக்‌ஷன் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணுக்குக் கொல்லைப்புறத்தில், தனி டம்ளரில், அதிலும் மிச்சம் இருந்தால். பல வீடுகளில் இதுதான் முறை. என் அம்மா நல்ல முதல் டிகாக்‌ஷன் காப்பியைத் தனக்கென்று கலந்து குடித்தது, மாமனார் காலமான பிறகுதான்.

காப்பி அரைப்பது இயல்பிலேயே பெண் வேலை என்று யாராவது சொன்னால் அரபுப் பாலைவனத்தின் பெதூயின் கூடாரங்களைப் பார்க்கச் சொல்லலாம். அங்கே விருந்தினர் முன்னால் கொட்டையை வறுத்து, செதுக்கு வேலை செய்த மர உரலில் தாளக்கட்டோடு இடிப்பவர்கள் ஆண்கள். அந்த இடிச்சத்தமே அக்கம்பக்கத்துக்கு அழைப்பு, இடிப்பது கௌரவம். எத்தியோப்பியாவில் அதே சடங்கைச் செய்பவர்கள் பெண்கள். வேலை ஒன்றுதான். யார் முன்னால், எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து அது விருந்தோம்பலாகிறது, அல்லது அடுக்களை மூலையாகிறது.

வீட்டில் அரைத்ததற்கு ருசி மட்டும் காரணமில்லை. கடைத்தூளில் புளியங்கொட்டையும் பேரீச்சங்கொட்டையும் கலப்பார்கள் என்ற பயம் ஒன்று. அது நியாயமான பயம். முழுக் கொட்டையில் ஏமாற்றுவது கடினம். இன்னொன்று மடி, ஆசாரம். கடையில் யார் தொட்டு அரைத்தார்களோ என்ற கவலை. 1950கள் வரை ஓட்டல் வாசலில் ‘பிராமணாள்’ என்ற பலகை தொங்கியதும், சென்னையில் அதை எதிர்த்து 1957இல் பெரியார் கிளர்ச்சி நடத்தியதும் நமக்குத் தெரியும். அந்தப் பலகையின் அடுக்களை வடிவம்தான் இந்த மிஷின் என்று எனக்குத் தோன்றுகிறது. வெளியே ஆண்கள் காத்த சாதித் தூய்மையை உள்ளே பெண்கள் கைப்பிடியைச் சுற்றிக் காத்தார்கள். தெற்கத்திக் கிராமங்களில் காகிதப் பொட்டலத்தில் கொஞ்சமாகத் தூள் வாங்கிக் கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்த வீடுகளில் இந்த மிஷினுக்கு வேலையே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கொட்டை வீட்டுக்குள் வருவதற்கு முன்பே எத்தனையோ பெண்களின் விரல் பட்டுத்தான் வந்தது. குடகிலும் சிக்மகளூரிலும் ஏற்காட்டிலும் பழம் பறித்தவர்களில் பெண்கள் ஏராளம். மங்களூர், கோயம்புத்தூர் கியூரிங் ஒர்க்ஸ்களில் தரையில் வரிசையாக உட்கார்ந்து, கறுத்ததையும் உடைந்ததையும் விரலால் பொறுக்கித் தள்ளியவர்களும் பெண்களே. பீபரியைத் தனியே பிரித்த விரல்களுக்கு ஆசாரம் கேட்கவில்லை. வறுத்தால் தீட்டுப் போய்விடும் போலிருக்கிறது.

மின்சாரம் இந்த ஏற்பாட்டை அசைத்தது. 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர் என்று மின்நிலையங்கள் வந்தபின் சிறு நகரங்களுக்கும் மோட்டார் வந்தது. நெல் குத்துவதை ரைஸ் மில் எடுத்துக்கொண்டது. கண்ணெதிரே அரைத்துத் தரும் காப்பிக் கடைகளும் மெல்ல மெல்லப் பெருகின. அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலில், வீட்டுச் சாதனங்கள் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த பங்கைத்தான் குறைத்தன, பெண்களின் நேரத்தைக் குறைக்கவில்லை என்று வாதிட்டார். காப்பி விஷயத்தில் அது பாதிதான் பொருந்துகிறது. கால் மணி நேரம் நிஜமாகவே மிச்சமானது. ஆனால் கூடவே ஒன்று கைமாறியது. பீபரி இவ்வளவு, பிளாண்டேஷன் ஏ இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று கடையில் நின்று விகிதம் சொல்வது ஆண்களின் ஞானமாகிவிட்டது. அத்தைப்பாட்டிக்குத் தெரிந்தது கைப்பழக்கம். அப்பாவுக்குத் தெரிந்தது ரசனை. சிக்கரியின் அளவும் வீட்டின் பிடியிலிருந்து மெல்ல நழுவியது. இன்று பாக்கெட்டில் விற்கும் கலவையில் சட்டப்படி 51 சதவீதம் காப்பி இருந்தால் போதும். மீதி சிக்கரியாக இருக்கலாம்.

பிறகு மிக்ஸி. ஜெர்மன் மிக்ஸி ஒன்று நம் சமையலுக்குத் தாங்காமல் எரிந்துபோக, அதை வைத்துச் சமைத்த மாதுரி மாத்தூரின் அனுபவத்திலிருந்து அவர் கணவர் சத்யபிரகாஷ் மாத்தூர் 1963இல் உருவாக்கியது சுமீத். மிளகாயும் மல்லியும் அரைக்கும் ஜாரில் காப்பிக்கொட்டையையும் போட்டார்கள். ஒரு நிமிட வேலை. ஆனால் மிக்ஸி அரைப்பதில்லை, வெட்டுகிறது. பிளேடுக்குப் பக்கத்தில் சிக்கியது மாவாகும், தப்பியது நொய்யாகும். விடாமல் ஓட்டினால் தூள் சூடேறி வாசனை போகும். விட்டுவிட்டு ஓட்டி, நடுவில் ஜாரைக் குலுக்கி, சலித்தால் ஓரளவு சரியாகும். முதல் நாள் ரசப்பொடி அரைத்த ஜார் என்றால் காப்பி மிளகு வாசனையோடு வரும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் குறை மிக்ஸிக்கு அல்ல, போட்டவளின் கைக்கு.

இருந்தும் நான் மிக்ஸியின் பக்கம்தான். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது ‘இலவசம்’ என்று இளித்தவர்களில் பலர் ஒருநாளும் அம்மி பிடித்ததில்லை. மிக்ஸி கைக்கு வந்த பெண்களுக்கு, சீரில்லாத தூள் ஒரு பெரிய குறையாகத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. ருசியில் பத்து சதவீதம் குறைந்து தோள்வலி முழுக்கக் குறைந்தால் அது நல்ல பேரம்.

இப்போது கை மிஷின் திரும்பி வந்திருக்கிறது. உருளையாக, கண்ணாடியிலோ ஸ்டீலிலோ, உள்ளே பீங்கான் பற்களோடு, ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மலிவு மிஷினில் முதலில் பார்க்க வேண்டியது பற்களை அல்ல, நடுத்தண்டை. அது ஆடினால் கூம்பு மையம் விலகி ஒரு பக்கம் நைஸாகவும் மறுபக்கம் கொரகொரப்பாகவும் விழும். நம் ஃபில்டருக்கு வேண்டிய அளவு நைஸாக இறுக்கினால் சுற்றும் நேரம் கூடும். ஒரு தடவைக்கு இருபது, இருபத்தைந்து கிராம்தான் பிடிக்கும். ஒரு ஆளுக்கு, இரண்டு ஆளுக்குச் சரி. கூட்டுக் குடும்பத்துக்கு வாங்கினால் யாரோ ஒருவரின் மணிக்கட்டு தேயும்.

என் கண்ணில் படும் படங்களில் இதைச் சுற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கொட்டை எந்த எஸ்டேட், எத்தனை கிராம், எத்தனை சுற்று என்று சொல்லிச் சொல்லி அரைக்கிறார்கள். ஆசையாகத்தான் செய்கிறார்கள், அதில் எனக்குப் பொறாமையும் இல்லை. என் அண்ணன் மகள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கணவர் ஜன்னலோரம் நின்று இருபது கிராம் அரைத்து, தனக்கும் வந்தவர்களுக்கும் பால் கலக்காத காப்பி போடுகிறார். நன்றாகவே இருக்கிறது. மற்ற ஆறு நாளும் கடைத்தூளை ஃபில்டரில் போட்டு, ராத்திரியே வெந்நீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுப்பவள் அவள்.