திரை இங்கே, கணினி அங்கே: ரயில் முன்பதிவின் கதை

பல தலைமுறைகளாகக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ரயில் என்றால் சின்னசேலம்தான். கருணாபுரத்தில் இருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர். சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலை தேடிப் போகிறவர் முன்பதிவு செய்ய விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ போய் வரிசையில் நின்றால், கவுண்டருக்கு உள்ளே இருக்கும் எழுத்தர் ஒரு திரையைப் பார்த்து, நாலு விசையைத் தட்டி, 'பெர்த் இருக்கு' என்பார் அல்லது 'வெயிட்டிங் லிஸ்ட்' என்பார். பதில் அந்தத் திரைக்குள் இருந்து வருவதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அந்தப் பெட்டிக்குள் அப்போது ஒன்றுமே இல்லை. பெர்த்துகளின் கணக்கும், கணக்குப் போடும் மென்பொருளும் சென்னையில் ஒரு குளிரூட்டிய அறையில் இருந்தன.

மென்பொருளை ஓரிடத்தில் ஓடவிட்டு, அதன் திரையை மட்டும் தூரத்தில் இருப்பவருக்கு அனுப்புவது இன்று பெரிய வியாபாரம். சிட்ரிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே மென்பொருள் விற்கின்றன. ஆனால் நம் ஊர் சாதாரண மக்கள் இந்த ஏற்பாட்டை முதலில் சந்தித்தது ரயில் கவுண்டரில்தான் எனலாம்.

அதற்கு முன்பு எல்லாம் பேரேடுதான். ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தாள். எழுத்தர் அதில் பயணியின் பெயரைக் கையால் எழுதுவார். ஒரு ரயிலின் பேரேடு ஒரு கவுண்டரில்தான் இருக்க முடியும் என்பதால், அந்த ரயிலுக்கு அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். தவறான வரிசையில் ஒரு மணி நேரம் நின்றவர்கள் ஏராளம். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டுமென்றால் அந்த ஊர் நிலையத்துக்குத் தந்தி போகும். பதில் வரலாம், வராமலும் போகலாம். பேரேட்டில் எது காலி என்பது எழுத்தருக்கு மட்டுமே தெரியும். இடைத்தரகர்கள் பிழைத்தது அந்த இருட்டில்தான்.

1977-78ல் ஐபிஎம் நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, அது விட்டுச் சென்ற கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சிஎம்சி என்ற அரசு நிறுவனத்துக்கு வந்தது. பழுது பார்க்கும் கம்பெனியாகத் தொடங்கிய அதுதான் ரயில்வேக்கு 'இம்ப்ரெஸ்' என்ற முன்பதிவு மென்பொருளை எழுதிக் கொடுத்தது. 1985-86ல் டெல்லியில் அது நடைமுறைக்கு வந்தது. கணினி வந்தால் வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் அஞ்சிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் வரிசையில் நின்றவர்களுக்கு, எந்தக் கவுண்டரிலும் எந்த ரயிலுக்கும் சீட்டு வாங்கலாம் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், செகந்திராபாத் ஆகிய மையங்களுக்கும் கணினி முன்பதிவு வந்தது.

இது எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மையத்தில் இருந்தது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் (சுருக்கமாக டெக்) நிறுவனத்தின் வேக்ஸ் வகைக் கணினி. கவுண்டரில் இருந்தது வெறும் டெர்மினல், அதாவது ஒரு திரையும் ஒரு விசைப்பலகையும். எழுத்தர் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் தொலைபேசித் துறையிடம் வாடகைக்கு எடுத்த கம்பி வழியே மையத்துக்குப் போகும். அங்கே மென்பொருள் அதைப் படித்து, திரையில் என்ன தெரிய வேண்டும் என்பதை எழுத்துகளாகத் திருப்பி அனுப்பும். படம் இல்லை, வண்ணம் இல்லை, மௌஸ் இல்லை. அதனால்தான் மிக மெதுவான கம்பியிலும் அது ஓடியது.

இதில் பெரிய லாபம், மென்பொருளை மாற்றும்போது ஒரே இடத்தில் மாற்றினால் போதும் என்பது. கட்டணம் உயர்ந்ததா? புதிய ரயில் விட்டார்களா? சென்னையில் திருத்தினால் விழுப்புரத்துத் திரையிலும் உடனே அதுதான் தெரியும். ஒவ்வொரு ஊருக்கும் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. நட்டமும் அதே இடத்தில்தான்: மையம் படுத்தால் அதை நம்பியிருக்கும் எல்லாக் கவுண்டர்களும் சேர்ந்து படுக்கும். 'லிங்க் இல்லை' என்ற இரண்டு சொற்களைக் கேட்டுத் திரும்பி நடந்தவர்களுக்கு அது தெரியும்.

இன்னொரு குறையும் இருந்தது. ஐந்து மையங்களும் ஐந்து தீவுகள். சென்னைக் கணினிக்கு டெல்லியின் பெர்த் தெரியாது. ரயில்வே 1986ல் தனக்கென அமைத்துக்கொண்ட 'கிரிஸ்' என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்பு இதைத் தீர்க்க 'கான்செர்ட்' என்ற புதிய மென்பொருளை உருவாக்கியது. சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் எழுதப்பட்டது. ஓர் எழுத்தர் கேட்கும் ரயிலின் கணக்கு எந்த மையத்தில் இருக்கிறதோ அங்கே கேள்வியைக் கொண்டுபோய்ச் சேர்த்துப் பதிலை வாங்கி வரும் வேலையை இடையில் இருக்கும் ஒரு மென்பொருள் செய்தது. ஒரே பெர்த்தை ஒரே நொடியில் இரண்டு ஊர்க் கவுண்டர்கள் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்க வேண்டும். பாதியில் கம்பி அறுந்தால் பணம் வாங்கி இடம் இல்லாத நிலை வரக்கூடாது. 1994ல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் இணைந்தன. ஓடிக்கொண்டிருந்த பழைய முறையை நிறுத்தி வைத்துவிட்டுப் புதியதை நிறுவ வழியில்லை. அதனால் மையம் மையமாக மாற்ற வேண்டியிருந்தது. ஐந்தாண்டு ஆனதில் வியப்பில்லை.

இன்றைக்கும் சீட்டில் உள்ள பத்து இலக்கப் பிஎன்ஆர் எண் 4 அல்லது 5ல் தொடங்கினால், அந்தப் பதிவு சென்னை மையத்துக்குரியது. கணினி எங்கே இருக்கிறது என்பதைப் பயணியின் சட்டைப்பையிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்!

இங்கே ஒரு சுவையான கிளைக்கதை உண்டு. வேக்ஸ் கணினிகளில் ஓடிய விஎம்எஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் டேவ் கட்லர். அவர் 1988ல் மைக்ரோசாஃப்டுக்குப் போய் விண்டோஸ் என்டியைக் கட்டினார். ஐபிஎம்மில் இருந்து வெளியேறிய எட் இயாகோபூச்சி 1989ல் தொடங்கிய சிட்ரிக்ஸ், அந்த என்டியை எடுத்துப் பலர் ஒரே நேரத்தில் தூரத்தில் இருந்து பயன்படுத்தும்படி மாற்றி, 1995ல் 'வின்ஃபிரேம்' என்று விற்றது. பிறகு மைக்ரோசாஃப்டே அந்த நுட்பத்தை உரிமம் பெற்று 1998ல் டெர்மினல் சர்வரை வெளியிட்டது. படமும் மௌஸும் உள்ள விண்டோஸுக்கு உலகம் அப்போது கண்டுபிடித்ததை, எழுத்து மட்டும் உள்ள திரையில் நம் கவுண்டர்கள் பத்தாண்டுக்கு முன்பே செய்துகொண்டிருந்தன. இரண்டுக்கும் வேர் ஒரே ஆளிடம் போய்ச் சேர்வது தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல்.

சர்வரைப் புதுப்பிக்கும் கதை அவ்வளவு இனிமையானதல்ல. டெக் நிறுவனத்தை 1998ல் காம்பேக் வாங்கியது. காம்பேக்கை 2002ல் ஹெச்பி வாங்கியது. வேக்ஸ் போய் ஆல்ஃபா வந்தது, ஆல்ஃபா போய் இட்டானியம் வந்தது. சிப் மாறும்போதெல்லாம் மென்பொருளைப் புதிய சிப்புக்கு ஏற்றபடி மறுபடி தொகுத்து, சோதித்து, ஏற்ற வேண்டும். இப்போதைய முன்பதிவு அமைப்பு 2010ல் இட்டானியம் சர்வர்களில் ஓபன்விஎம்எஸ் மீது அமைக்கப்பட்டது. அந்த இட்டானியத்தையும் இன்டெல் 2021 ஜூலையோடு அனுப்புவதை நிறுத்திவிட்டது. உதிரி பாகம் வராத வண்டியை ஓட்டுவது போன்ற நிலை. ஓபன்விஎம்எஸ்ஸைப் பராமரிக்கும் பொறுப்பை 2014ல் ஏற்ற விஎஸ்ஐ என்ற சிறு நிறுவனம், அதைச் சாதாரண எக்ஸ்86 கணினிகளில் ஓடும்படி 2022ல்தான் வெளியிட்டது.

இதற்கிடையே கூட்டம் பெருகிவிட்டது. 2002 ஆகஸ்ட் 3 அன்று ஐஆர்சிடிசி இணையத்தில் சீட்டு விற்கத் தொடங்கியது. முதலில் சீட்டு கூரியரில் வீட்டுக்கு வந்தது. அச்சடித்துக்கொள்ளும் மின்சீட்டு 2005ல் வந்தது. கவுண்டரும் இணையமும் கேட்பது அதே கணக்கைத்தான். இணையத்தின் முன்வாசலை 2014ல் அகலப்படுத்தி, நிமிடத்துக்கு 2,000 சீட்டாக இருந்ததை 7,200 ஆக்கினார்கள். வாசல் அகன்றது, பெர்த் அகலவில்லை. குளிர்சாதன வகுப்புத் தட்கல் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பர் தட்கல் 11 மணிக்கும் திறக்கும். விடியற்காலையில் பஸ் ஏறி வந்து கவுண்டரில் முதல் ஆளாக நிற்பவரும், வீட்டில் செல்பேசியோடு உட்கார்ந்திருப்பவரும் அந்த நொடியில் ஒரே சர்வரின் கதவைத் தட்டுகிறார்கள். எழுத்தர் பெயரையும் வயதையும் தட்டி முடிப்பதற்குள் இடம் தீர்ந்துவிடுவதே பெரும்பாலும் நடக்கிறது. போதாக்குறைக்கு நிரல் எழுதி வேகமாகப் பதிவு செய்யும் முகவர்கள். பேரேட்டுக் காலத்துத் தரகர் உருமாறித் திரும்பி வந்துவிட்டார். 2025 ஜூலை முதல், தட்கல் திறந்த முதல் 30 நிமிடம் முகவர்கள் பதிவு செய்யக் கூடாது, இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதி வந்தது.

நிமிடத்துக்கு 32,000 சீட்டு பதியக்கூடிய அமைப்பை மாற்றி, ஒன்றரை லட்சத்துக்கு மேல் பதியும் புதிய அமைப்பைக் கட்டுவதாக 2025 ஜூனில் ரயில்வே அறிவித்தது. பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை ஏற்ற இந்த முறையும் வழியில்லை. இரவு 11.45 முதல் 12.20 வரை முன்பதிவு மூடியிருக்கும். அன்றைய கணக்கை முடித்து மறுநாளைத் திறப்பது அந்த முப்பத்தைந்து நிமிடத்தில்தான். பிறகு மறுபடி கதவு திறந்துவிடும்.