சுட்டால் தூய்மை பெறும் கருவியின் கதை



அரிசியிலே கல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியும். காய்கறியிலே பூச்சிமருந்து தங்கியிருந்தால் தெரியுமா? தெரியாது. பல வேளைகளில் மூக்குக்கும் நாக்குக்கும்கூடப் பிடிபடாது. அதைக் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் ஒரு கருவி செய்தார்கள். அந்தக் கருவிக்கே அழுக்குப் பிடித்தபோது அதை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்பதும் ஒரு சரித்திரம்தான். அதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

கதை சுண்ணாம்புத் தூளில் தொடங்குகிறது. மிக்கேல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியல் அறிஞர், கண்ணாடிக் குழாயிலே சுண்ணாம்புத் தூளை நிரப்பி, அதன் வழியே பச்சிலைச் சாயத்தை இறக்கினார். சாயம் ஒரே பச்சையாக இறங்கவில்லை. பச்சை, மஞ்சள் என்று தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நின்றது! 1906-இல் இம்முறைக்கு அவர் 'குரோமட்டோகிராபி' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியிலே 'வண்ண எழுத்து' என்று பொருள்.

பிறகு 1941-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே மார்ட்டின், சிங் என்ற இருவர் இம்முறையை மேலும் வளர்த்தார்கள். அதற்காக 1952-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் மார்ட்டின், லண்டன் மில் ஹில் ஆய்வுக்கூடத்திலே ஜேம்ஸ் என்பவருடன் சேர்ந்து 'கேஸ் குரோமட்டோகிராபி' முறையை வெளியிட்டார். ஆராய வேண்டிய பொருளை ஆவியாக்கி, நீண்ட குழாயிலே வாயுவோடு ஓடவிடுவார்கள். விளையாட்டுப் போட்டியன்று பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக ஓடிவந்து கோட்டைத் தொடுவதில்லையா? அதுபோல ஒவ்வொரு பொருளும் தன் தன் நேரத்திலே வெளியே வரும். கோட்டருகே நின்று வருவதைக் குறித்துக்கொள்ள ஒரு நடுவர் வேண்டுமே! அந்த நடுவர்தான் 'டிடெக்டர்' என்னும் உணர்கருவி.

அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லவ்லாக் 1957-இல் மிகக் கூர்மையான உணர்கருவி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் உள்ளே கதிரியக்கமுள்ள சிறு உலோகத் தகடு இருக்கும். அதிலிருந்து கிளம்பும் கதிர்கள் வாயுவிலே எலக்ட்ரான்களை உண்டாக்க, மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். குளோரின் சேர்ந்த பொருள் வந்தால் அது எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும். உடனே மின்னோட்டம் குறையும். எவ்வளவு குறைகிறதோ, அதைக் கொண்டு பொருளின் அளவைச் சொல்லிவிடலாம்.

இதனால் விளைந்த நன்மை கொஞ்சமல்ல. கொசுவை ஒழிக்கப் பல நாடுகளிலே வீட்டுச் சுவர்களில் அடித்த டி.டி.டி. மருந்திலும் குளோரின் உண்டு. அது மிக மிகச் சிறிய அளவில் இருந்தாலும் இக்கருவி காட்டிக் கொடுத்தது. 1971-72-இல் லவ்லாக்கின் இக்கருவி கப்பலேறி அண்டார்டிக்கா பக்கம் போய்வந்தது. குளிர்பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட சி.எப்.சி. வாயு, நடுக்கடல் காற்றிலும் கலந்திருப்பதை அது காட்டியது. அளவு எவ்வளவு தெரியுமா? லட்சம் கோடிப் பங்கு காற்றிலே சுமார் 50 பங்கு! இந்த வாயு ஓசோன் படலத்தை அழிக்கும் என்று 1974-இல் மொலினா, ரோலண்ட் என்ற இரு அறிஞர்கள் எச்சரித்தார்கள். 1987-இல் மாண்ட்ரியால் ஒப்பந்தம் பிறந்தது.

ஆனால் கூர்மையான கருவிக்குத் தொல்லையும் அதிகம். சோதிக்கும் பொருளிலுள்ள எண்ணெய்ப்பசை, குழாயிலிருந்து கசியும் கழிவு எல்லாம் அந்தத் தகட்டிலே போய்ப் படிந்துவிடும். பால் மங்கிலே ஒட்டுப்பால் பிடிப்பது போலத்தான். மங்கு என்றால் கையாலே உரித்துவிடலாம். கதிரியக்கத் தகட்டைக் கையாலே தொட முடியுமா? ஆகவே சூடாக்கி அழுக்கை ஆவியாக்கி விரட்டுவதே நல்ல வழி.

அதிலும் ஒரு சிக்கல் வந்தது. ஆரம்ப காலத் தகடுகள் பலவற்றில் டிரிட்டியம் என்ற பொருள் இருந்தது. சுமார் 200 டிகிரிக்கு மேலே போனால் அதுவே தகட்டைவிட்டுக் கிளம்பிவிடும். அந்தச் சூட்டுக்கோ பிடிவாதமான அழுக்கு அசையாது. அழுக்கைப் போக்கப் போனால் தகடு கெடும், தகட்டைக் காக்கப் போனால் அழுக்கு நிற்கும். என்னதான் செய்வது?

விடை நிக்கல்-63 என்ற உலோகத்தில் கிடைத்தது. லவ்லாக்கும் அவரோடு உழைத்த விஞ்ஞானிகளும் 1967-இல் நிக்கல்-63 உணர்கருவியின் அமைப்பை வெளியிட்டார்கள். நிக்கல் 350 டிகிரிச் சூட்டையும் தாங்கும். அன்றிலிருந்து சுத்தம் செய்வது சுலபமாயிற்று. முதலில் குழாயைக் கழற்றி வாயை அடைப்பார்கள். ஈரமும் ஆக்ஸிஜனும் இல்லாத தூய வாயுவை மட்டும் உள்ளே ஓடவிடுவார்கள். பிறகு, தயாரித்தவர்கள் குறித்த அளவுக்கு மிஞ்சாமல் சூட்டை ஏற்றிப் பல மணி நேரம், சில வேளை இராமுழுக்க, அப்படியே விட்டுவிடுவார்கள். அழுக்கு ஆவியாகி வாயுவோடு போய்விடும். மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்பினால் வேலை முடிந்தது. திரும்பாவிட்டால் இஷ்டத்துக்குத் திறந்து பார்க்கக்கூடாது. கதிரியக்கப் பொருளைக் கையாள அனுமதி பெற்றவர்களிடமே அனுப்ப வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? அழுக்கடைந்த நடுவர் சரியான தீர்ப்புச் சொல்ல மாட்டார். இருக்கிற விஷத்தை இல்லை என்பார். இல்லாததை இருக்கிறது என்பார். அந்தத் தீர்ப்பை நம்பித்தானே ஊர் சாப்பிடுகிறது? இன்று வேறு பல நவீனக் கருவிகள் வந்துவிட்டாலும், இந்த உணர்கருவி இன்னும் பல ஆய்வுக்கூடங்களிலே உழைக்கிறது.

தோட்டத்திலே மருந்தடிக்கும் பெற்றோர்களுக்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. வாடை போய்விட்டால் மருந்தும் போய்விட்டது என்று எண்ணிவிடாதீர்கள். நம் மூக்குக்கு எட்டாதது எத்தனையோ உண்டு என்பதை இக்கருவி காட்டிவிட்டது. வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டே பிள்ளையைத் தூக்குங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

மாணவமணிகளே! சுண்ணாம்புத் தூளில் தொடங்கிய ஆராய்ச்சி அண்டார்டிக்காக் கடல்வரை போயிற்று. பெரிய உண்மையைக் கண்டவர்கள், தங்கள் கருவியை நாள்தோறும் சுத்தமாக வைத்திருக்கவும் சலிக்கவில்லை. நீங்களும் நன்றாகப் படியுங்கள். நாளை ஓர் ஆய்வுக்கூடத்திலே அந்தக் கருவியின் முன்னே நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் நிற்கட்டும்!